கைச்சித்திரத்தில் பிறந்த நண்டு

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி பிடித்த நண்டு நெபுலாவின் பெரிய படம் 2005 டிசம்பரில் வெளியானது. 1999 அக்டோபரிலிருந்து 2000 டிசம்பர் வரை துண்டு துண்டாக எடுத்த 24 படங்களை ஒட்டிச் சேர்த்து உருவாக்கியது அது. முட்டை வடிவில் விரிந்த மேகம். அதன் மேல் ஆரஞ்சும் சிவப்பும் பச்சையுமாகப் பின்னிக் கிடக்கும் இழைகள். இழைகளுக்குப் பின்னால் உள்ளிருந்து கசியும் நீல வெளிச்சம். எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதில் நண்டு தென்படாது. கால் இல்லை, கொடுக்கு இல்லை, ஓடும் இல்லை.

இந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் வழக்கமாகச் சந்தேகப்படுவது நிறங்களைத்தான். 'கணினியில் பூசிய வண்ணம்தானே?' என்று கேட்டுவிட்டு நகர்கிறார்கள். பெயரை யாரும் சந்தேகிப்பதில்லை. நண்டு என்றால் எங்கோ நண்டு இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். என் வாதம் இதற்கு நேர் எதிரானது. பெயர்தான் பிழையான பார்வையில் பிறந்தது. நிறங்கள் ஒவ்வொன்றும் அளந்து பெற்றவை. ஒரு விண்முகிலுக்குப் பெயர் வந்த கதையையும் அதை ஒளிப்படமாக்கிய கதையையும் சேர்த்துப் படித்தால்தான் இந்த முரண் விளங்கும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடலாம். ரிஷப ராசியின் எருதுக்குக் கண்ணாக நாம் காண்பது செந்நிற ரோகிணி. அங்கிருந்து இரண்டு கொம்புகள் நீளும். தெற்குக் கொம்பின் நுனியில் இருக்கும் ஸீட்டா டாரி என்ற விண்மீனுக்கு வடமேற்கே ஏறத்தாழ ஒரு பாகை தள்ளி இருக்கிறது இந்த நெபுலா. மார்கழி நள்ளிரவில் தமிழகத்தில் கிட்டத்தட்ட உச்சிக்கே வந்துவிடும். ஒளி அளவு 8.4, வெறுங்கண்ணுக்கு எட்டாது. நல்ல இருட்டில் பைனாகுலரில் ஒரு சிறு மங்கல் புள்ளி. வானத்தில் அதன் நீளம் முழுநிலவின் அகலத்தில் கால் பங்குக்கும் குறைவு. உண்மையில் அது சுமார் 6,500 ஒளியாண்டு தொலைவில் சுமார் 11 ஒளியாண்டு அகலத்துக்கு விரிந்து கிடக்கிறது.

அதை முதலில் கண்டு குறித்தவர் ஜான் பெவிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1731-இல். வானியல் அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடு. தாம் தயாரித்த விண்மீன் அட்லஸில் அதைச் சேர்த்தார்; ஆனால் பதிப்பாளர் திவாலாகிவிட, அட்லஸ் முறையாக வெளிவரவே இல்லை. 1758 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில் சார்ல் மெசியே ஒரு வால்நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தபோது அதே மங்கலைத் தானாகக் கண்டார். வால்நட்சத்திரம் என்று ஏமாந்துவிடும் தோற்றம். ஆனால் இரவுக்கிரவு நகரவில்லை. இப்படி ஏமாற்றும் மங்கல்களை எல்லாம் பட்டியலிட்டு வைப்பது நல்லது என்று அவர் முடிவு செய்தார். அந்தப் பட்டியலில் முதல் எண் இதற்குத்தான்: எம் 1. பெவிஸ் 1771-இல் கடிதம் எழுதித் தம் முந்தைய கண்டுபிடிப்பைத் தெரிவித்ததும் மெசியே அதை ஏற்று, அவர் பெயரைக் குறிப்பிட்டார்.

அதுவரை பெயர் இல்லை, எண் மட்டும்தான். பெயர் அயர்லாந்திலிருந்து வந்தது.

அயர்லாந்தின் நடுப்பகுதியில் பர் கோட்டை இருக்கிறது. அதன் உரிமையாளர் வில்லியம் பார்சன்ஸ், மூன்றாம் ராஸ் பிரபு, தொலைநோக்கிகளைத் தம் நிலத்திலேயே வார்த்துச் செய்தவர். செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை உருக்கி, ஊற்றி, மாதக்கணக்கில் மெருகேற்றிக் கண்ணாடியாக்கினார். 36 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கி முதலில் வந்தது. அதன் வழியே அவர் எம் 1-ஐப் பார்த்தபோது விளிம்பிலிருந்து இழைகள் வெளியே நீள்வதாகக் கண்டார். கண்டதைக் கையால் வரைந்தார். அந்தச் சித்திரம் 1844-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அச்சானது. நீள்வட்ட உடல், ஒரு பக்கம் குறுகும் வால், சுற்றிலும் கால்கள் போல நீளும் இழைகள். இன்று அதைப் பார்க்கிற பலருக்கு அன்னாசிப்பழம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அன்று நண்டாகத் தோன்றியது. நண்டு நெபுலா என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

ராஸ் பிரபு ஏன் அப்படி வரைந்தார் என்பதை அவர் காலத்து விவாதத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நெபுலாக்கள் எல்லாமே தொலைவில் இருக்கும் விண்மீன் கூட்டங்களா, அல்லது அவற்றில் சில உண்மையிலேயே ஒளிரும் வாயுவா என்பது அன்றைய பெரிய கேள்வி. போதுமான அளவு பெரிய கண்ணாடி கிடைத்தால் ஒவ்வொரு மங்கலும் விண்மீன்களாகப் பிரிந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். வில்லியம் ஹெர்ஷல் எம் 1-ஐப் பிரிந்துவிடக்கூடிய விண்மீன் கூட்டமாகவே கருதியிருந்தார். ராஸும் விண்மீன்களாகப் பிரியப்போகும் இழைகளையே தேடினார். தேடுகிறவரின் கண் தேடியதைக் கொஞ்சம் கூடுதலாகவே காணும். மங்கல் வெளிச்சத்தில், நடுங்கும் காற்றில், விளக்கு வெளிச்சத்தில் காகிதத்தைப் பார்த்தும் பிறகு இருட்டில் கண்ணைப் பழக்கியும் மாறி மாறி வரைகிற வேலை அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இழைகள் இருக்கின்றன என்பதில் அவர் தவறவில்லை. நெபுலாவில் இழைகள் உண்மையிலேயே இருக்கின்றன. அவை கால்களாக வெளியே நீள்கின்றன என்பதில்தான் தவறினார்.

அடுத்து அவர் கட்டியது 72 அங்குலக் கண்ணாடி. அது 1845-இல் வானத்தைப் பார்த்தது; 1917 வரை உலகில் அதைவிடப் பெரிய தொலைநோக்கி எதுவும் இல்லை. 1845-இலேயே அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது, பெரும்பஞ்சம் தொடங்கியது. ராஸ் வானத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பஞ்ச நிவாரணத்தில் இறங்கினார். 1848-இல் மீண்டும் எம் 1 பக்கம் பெரிய தொலைநோக்கியைத் திருப்பியபோது நண்டைக் காணவில்லை. கால்கள் மறைந்துவிட்டன. ஆனால் பெயர் அதற்குள் கோட்டையைத் தாண்டிப் போய்விட்டது.

அந்தக் கோட்டைக்குள்ளேயே ஒளிப்படம் எடுக்கும் இருட்டறை ஒன்றும் இருந்தது என்பது இந்தக் கதையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி. ராஸ் பிரபுவின் மனைவி மேரி ராஸ் 1850-களில் ஒளிப்படக் கலையில் முன்னோடியாக இருந்தவர். 1859-இல் அயர்லாந்து ஒளிப்படச் சங்கத்தின் வெள்ளிப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. கணவரின் மாபெரும் தொலைநோக்கியையே அவர் படமெடுத்திருக்கிறார். அந்தத் தொலைநோக்கிக்குள் தெரிந்ததைப் படமெடுக்க மட்டும் முடியவில்லை. காரணம் இரண்டு. அன்றைய ஈரக் கொலோடியன் தகடு காய்வதற்குள், அதாவது பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள், ஒளி காட்டிக் கழுவிவிட வேண்டும். நெபுலாவின் மங்கல் ஒளிக்கு அந்த நேரம் போதாது. இரண்டாவது, சுமார் 16 மீட்டர் நீளக் குழாய் இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே தொங்கியது. வானம் சுழலும் வேகத்தில் அதைப் பிசகாமல் நகர்த்தும் கடிகாரப் பொறி அதில் இல்லை. உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியும் அந்தக் காலத்தின் தேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஒருவரும் ஒரே வீட்டில் இருந்தும், எம் 1 கையால்தான் வரையப்பட வேண்டியிருந்தது. மேரியின் தகடு இன்னும் முப்பது ஆண்டு முன்னேறியிருந்தால் இந்தப் பெயரே வந்திருக்காது.

அந்த முன்னேற்றம் 1871-இல் தொடங்கியது. ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஜெலட்டின் பூசிய உலர் தகட்டை அறிமுகப்படுத்தினார். உலர்ந்த தகட்டை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம். 1880 செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவில் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை ஏறக்குறைய 50 நிமிடம் தகட்டில் பதிய வைத்தார். நெபுலா ஒன்றின் முதல் ஒளிப்படம் அது. மூன்றே ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஆண்ட்ரூ காமன் அதே நெபுலாவை எடுத்த படத்தில் எந்தக் கண்ணும் எந்தத் தொலைநோக்கியிலும் கண்டிராத விண்மீன்கள் பதிந்திருந்தன. தகடு கண்ணை முந்திவிட்டது. கண் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வந்த ஒளியை மட்டுமே கூட்டிப் பார்க்கும், பிறகு மறந்துவிடும். தகடு மறப்பதில்லை, மணிக்கணக்கில் சேர்த்து வைக்கும். 1892-இல் ஐசக் ராபர்ட்ஸ் 20 அங்குலத் தொலைநோக்கியால் நண்டு நெபுலாவைப் படமெடுத்தார். நண்டு அதில் இல்லை.

ஒளிப்படத்தின் உண்மையான வலிமை ஒரு படத்தில் வெளிப்படுவதில்லை. ஒரே பொருளைப் பல ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை அடுத்தடுத்து வைக்கும்போதுதான் அது தெரிகிறது. 1921-இல் லோவல் ஆய்வகத்தின் கார்ல் லாம்ப்லாண்டு, தாம் பல ஆண்டுகளாக எடுத்த தகடுகளை ஒப்பிட்டு, இந்த நெபுலாவுக்குள் மாற்றங்கள் நடப்பதாக அறிவித்தார். அதே ஆண்டு ஜான் டங்கன், மவுண்ட் வில்சன் ஆய்வகத்தின் 60 அங்குலத் தொலைநோக்கியால் 1909-இல் எடுத்த தகட்டையும் 1921-இல் எடுத்த தகட்டையும் ஒப்பிட்டு அளந்தார். இடைவெளி பதினொன்றரை ஆண்டு. இழைகள் நடுவிலிருந்து வெளிநோக்கி நகர்ந்திருந்தன. நெபுலா விரிகிறது.

விரிகிற ஒன்றைப் பின்னோக்கிச் சுருக்கிப் பார்க்கலாம். அதே 1921-இல் ஸ்வீடனின் க்னுட் லுண்ட்மார்க், பழைய சீனக் குறிப்புகளில் உள்ள புதிய விண்மீன்களைப் பட்டியலிட்டபோது, 1054-இல் தோன்றிய ஒன்று இந்த நெபுலாவுக்கு அருகே இருப்பதைச் சுட்டினார். 1928-இல் எட்வின் ஹபிள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்: இந்த வேகத்தில் விரிந்திருந்தால் இதற்கு வயது சுமார் 900 ஆண்டு, ஆகவே 1054-இல் சீனர்கள் கண்டது இதன் பிறப்பைத்தான்.

சோங் அரசின் வானியலாளர்கள் அதை 'விருந்தாளி விண்மீன்' என்று குறித்தார்கள். 1054 ஜூலை 4 அன்று விடியலுக்கு முன் கிழக்கில் தோன்றியது. 23 நாள் பகலிலும் தெரிந்தது. 1056 ஏப்ரலில்தான் கண்ணிலிருந்து மறைந்தது. ஜப்பானியக் குறிப்புகளிலும் அது உண்டு. ஒரு முரண் மட்டும் இங்கே நெருடும். சீனக் குறிப்பு அந்த விண்மீன் ஸீட்டா டாரிக்குத் தென்கிழக்கே இருந்ததாகச் சொல்கிறது. நெபுலாவோ வடமேற்கே இருக்கிறது. திசை எழுதியதில் பிழை என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். ஒளி மங்கிய விதமும், நெபுலாவின் வயதும், அருகில் வேறு தகுந்த எச்சம் இல்லாததும் சேர்ந்து வழக்கை முடித்துவிடுகின்றன. கோட்டையில் வரைந்த சித்திரத்தைப் போலவே அரண்மனையில் எழுதிய திசையும் பிசகியிருக்கிறது என்பதை நான் ஒரு குறையாகப் பார்க்கவில்லை. தோன்றிய நாளை அவர்கள் குறித்து வைக்காதிருந்தால் இந்த நெபுலாவின் வயதை உறுதிசெய்ய நம்மிடம் எதுவும் இருந்திருக்காது.

இனி நிறம்.

தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்ப்பவருக்கு நண்டு நெபுலா சாம்பல் நிறத்தில்தான் தெரியும். குறைந்த ஒளியில் நிறம் உணரும் கூம்பு செல்கள் வேலை செய்வதில்லை. கம்புச் செல்களுக்கு நிறம் தெரியாது. ஆகவே கண்ணுக்கு நிறம் தெரியவில்லை என்பது நெபுலாவில் நிறம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. தொடக்க கால ஒளிப்படத் தகடுகளுக்கும் குறை இருந்தது. அவை நீல ஒளியை நன்கு உணர்ந்தன. சிவப்புக்கு ஏறக்குறையக் குருடு. ஹைட்ரஜன் மிக வலுவாக ஒளிர்வது சிவப்பில், 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில். இழைகளின் முழு வலைப்பின்னல் தெரிய வேண்டுமானால் சிவப்பை உணரும் தகடு வர வேண்டியிருந்தது.

அத்தகைய தகடுகளை மவுண்ட் வில்சனில் வால்ட்டர் பாடெ பயன்படுத்தினார். நிற வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டு அவர் எடுத்து 1942-இல் வெளியிட்ட படங்கள், ஒரே நெபுலா இரண்டாகப் பிரிவதைக் காட்டின. ஹைட்ரஜனின் சிவப்பை மட்டும் உள்ளே விட்டால் தகட்டில் இழைகள் மட்டுமே நின்றன. இழைகள் ஒளிரும் நிறமாலை வரிகளைத் தவிர்த்த ஒளியில் எடுத்தால் அவை காணாமல் போய், வடிவமற்ற ஒரு மென்மையான ஒளித்திரள் மிஞ்சியது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நெபுலாக்கள். இழைகள் வெடித்துச் சிதறிய விண்மீனின் வாயு. அவற்றின் நிறமாலையில் தனித்தனி வரிகள் உண்டு. உள்ளிருக்கும் திரளின் நிறமாலையில் வரிகளே இல்லை. தொடர்ச்சியாக எல்லா நிறமும் கலந்த ஒளி. அது என்ன?

1953-இல் சோவியத் வானியற்பியலாளர் யோசிஃப் ஷ்க்லோவ்ஸ்கி விடை சொன்னார். ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று வளையும்போது வெளிவிடும் ஒளி அது; சின்குரோட்ரான் கதிர்வீச்சு என்று பெயர். அப்படியென்றால் அந்த ஒளி ஒரே தளத்தில் அதிர வேண்டும், அதாவது தளவிளைவு பெற்றிருக்க வேண்டும். அடுத்த ஆண்டே வானியலாளர்கள் தொம்ப்ரோவ்ஸ்கியும் வஷகிட்ஸேயும் அளந்து அதை உறுதி செய்தார்கள். பிறகு பாலொமார் ஆய்வகத்தின் 200 அங்குலத் தொலைநோக்கியில் பாடெ போலராய்டு தாளை வைத்து, அதைத் திருப்பித் திருப்பிப் படமெடுத்தார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் நடுத்திரளின் உருவமே மாறியது. வானியல் ஒளிப்பட வரலாற்றில் இவ்வளவு நேரடியாக ஒரு இயற்பியல் கருத்தை நிரூபித்த படங்கள் வேறு இருக்கின்றனவா என்று யோசித்துப் பார்க்கிறேன். எளிதில் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் படங்கள் எல்லாமே கறுப்பு வெள்ளை. பாலொமாரின் ஒளிப்படக் கலைஞர் வில்லியம் மில்லர் வண்ணப் படச்சுருளில் விண்முகில்களைப் பிடித்த படங்கள் 1959-இல் வெளியாயின. நண்டு நெபுலாவும் அவற்றில் ஒன்று. அது எளிய வேலை அல்ல. வண்ணப் படச்சுருளில் மூன்று நிறங்களுக்கு மூன்று அடுக்குகள். மணிக்கணக்கில் ஒளி காட்டும்போது மூன்றும் ஒரே அளவில் களைப்பதில்லை. ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் உணர்வை இழக்கும். அப்படியே அச்சிட்டால் நிறம் பிறழ்ந்துவிடும். எந்த அடுக்கு எவ்வளவு இழக்கிறது என்பதைச் சோதனைக்கூடத்தில் அளந்து, அந்த இழப்பை ஈடுகட்டித்தான் மில்லர் அச்சுப்படம் செய்தார். உண்மையான நிறத்தை அடையவே திருத்தம் தேவைப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். திருத்தியது என்பதாலேயே பொய் என்று தள்ளுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கலாம்.

ஹபிளின் 2005 படம் வேறு வகை. அதில் நிறங்கள் இயற்கையான இடத்தில் இல்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் இயல்பில் 500.7 நானோமீட்டரில் நீலம் கலந்த பச்சையாக ஒளிரும். படத்தில் அதற்குச் சிவப்பு கொடுத்திருக்கிறார்கள். ஒரு எலக்ட்ரானை இழந்த கந்தகம் அடர்சிவப்பு, படத்தில் பச்சை. எலக்ட்ரானை இழக்காத ஆக்சிஜனும் 630 நானோமீட்டரில் சிவப்புத்தான்; படத்தில் நீலம். ஏன் இப்படி மாற்ற வேண்டும்? ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம், நடுநிலை ஆக்சிஜன் எல்லாமே 630-க்கும் 673-க்கும் இடைப்பட்ட ஒரே சிவப்புப் பட்டையில் நெருக்கியடித்து ஒளிர்கின்றன. உள்ளபடி அச்சிட்டால் அத்தனையும் ஒரே சிவப்பாகக் கலந்துவிடும். எங்கே கந்தகம், எங்கே ஹைட்ரஜன் என்று கண்ணுக்குப் பிரித்துக் காட்டத்தான் நிறத்தை மாற்றி வைக்கிறார்கள். எந்த இழையில் எந்தத் தனிமம், எந்த வெப்பநிலையில், எவ்வளவு அடர்த்தியில் இருக்கிறது என்பதை அந்த நிறம் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியின் ஒளிர்வும் உண்மையில் வந்து விழுந்த ஒளியின் அளவு. அதற்கு எந்த நிறம் என்பது மட்டுமே மனிதர் எடுத்த முடிவு. படத்தின் அடியில் அந்த முடிவை எழுதிவிட்டால் ஏமாற்றுக்கு அங்கே இடமில்லை. எழுதாமல் பகிர்கிறவர்கள்தான் சந்தேகத்தை வளர்க்கிறார்கள்.

வீட்டு மொட்டை மாடியிலிருந்தோ ஊருக்கு வெளியிலிருந்தோ இதைப் படமெடுக்க முனைகிறவர்களுக்கு இந்த நெபுலா ஒரு தனிப் பாடம் வைத்திருக்கிறது. சிறிய பொருள் என்பதால் குவியத் தொலைவு அதிகம் வேண்டும். 1,000 மில்லிமீட்டர் குவியத் தொலைவும் 3.76 மைக்ரான் பிக்சலும் இருந்தால் நெபுலாவின் நீளம் ஏறத்தாழ 540 பிக்சலை நிரப்பும். பூமியின் சுழற்சியை ஈடுகட்டும் மவுண்ட் வேண்டும். சில நிமிடப் படங்களைப் பல டஜன் எடுத்து, கணினியில் அடுக்கிச் சராசரி எடுக்க வேண்டும். சாதாரண கேமராக்களில் உணர்கருவிக்கு முன்னால் இருக்கும் வடிகட்டி 656 நானோமீட்டர் சிவப்பின் பெரும்பகுதியை வெட்டிவிடும். அதை நீக்கிய கேமராவோ வானியலுக்கென்றே செய்த கேமராவோ தேவை. இவை எல்லா நெபுலாவுக்கும் பொருந்தும். நண்டுக்கு மட்டும் உரிய சிக்கல் இனிதான் வருகிறது.

நகர வெளிச்சத்தைத் தவிர்க்க இப்போது பலரும் 3 நானோமீட்டர் அகலமே உள்ள மிகக் குறுகிய வடிகட்டிகளை விரும்புகிறார்கள். ஓரியன் போன்ற நெபுலாக்களுக்கு அவை அருமையானவை. நண்டு நெபுலாவோ நொடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் விரிகிறது. நம்மை நோக்கி வரும் பக்கத்தின் ஒளி நீலத்தை நோக்கியும், விலகும் பக்கத்தின் ஒளி சிவப்பை நோக்கியும் தள்ளிப் போகும். 656.3 நானோமீட்டர் வரிக்கு அந்தத் தள்ளல் இரு பக்கமும் மூன்று நானோமீட்டருக்கு மேல். மூன்று நானோமீட்டர் அகல வடிகட்டி நடுவிலிருந்து இரு பக்கமும் ஒன்றரை மட்டுமே அனுமதிக்கும். ஆக, மிக வேகமாக நகரும் முன்பக்க, பின்பக்க இழைகளின் ஒளி வடிகட்டிக்கு வெளியே விழுந்துவிடும். குறுக்காக நகர்வது மட்டும் பதியும். சின்குரோட்ரான் ஒளிக்கோ வரியே இல்லை. குறுகிய வடிகட்டி அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அணைத்துவிடும். நீல நடுப்பகுதி வேண்டுமென்றால் அகன்ற நிற வடிகட்டிகளோடு, இருட்டான ஊரைத் தேடித்தான் போக வேண்டும். படத்தில் நீலம் வரவில்லையே என்று கேமராவை நொந்துகொள்கிறவர்களுக்கு விடை இதில் இருக்கிறது.

பொறுமை உள்ளவர்களுக்கு டங்கனின் சோதனையை மீண்டும் செய்து பார்க்கும் வாய்ப்பும் உண்டு. விளிம்பு இழைகள் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.2 விகலை நகர்கின்றன. மேலே சொன்ன கருவியில் பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரு படங்களுக்குள் அது இரண்டு மூன்று பிக்சல். பொழுதுபோக்குக்காக வானைப் படமெடுப்பவர்கள் பலர் இப்படி இரு படங்களை மாற்றி மாற்றிக் காட்டி, நெபுலா மூச்சுவிடுவது போல விரிவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். வாழ்நாளுக்குள் மாறுவதைக் காணக்கூடிய விண்முகில் மிக அரிது.

அந்த விரிதலில் ஒரு புதிரும் இருந்தது. 1968-இல் வானியலாளர் வர்ஜீனியா டிரிம்பிள் ஒளிப்படத் தகடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட இழைகளின் நகர்வை அளந்து, பின்னோக்கிக் கணக்கிட்டார். வெடிப்பு நடந்த ஆண்டாக அவருக்குக் கிடைத்தது சுமார் 1140. சீனர்கள் கண்டது 1054-இல். இந்த வேறுபாட்டுக்கு ஒரே பொருள்தான்: இழைகள் தொடக்கத்தில் மெதுவாகப் போய், பிறகு வேகம் கூட்டியிருக்கின்றன. வெடித்துச் சிதறியது வேகம் குறைய வேண்டும், இங்கே கூடியிருக்கிறது. உள்ளிருந்து எதுவோ தள்ளுகிறது.

தள்ளுவது எது என்பதும் அதே 1968-இல் தெரிந்தது. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் வானொலித் தொலைநோக்கி நண்டு நெபுலாவிலிருந்து துடிப்புகளைப் பிடித்தது. நொடிக்கு 30 முறை சுழலும் துடிவிண்மீன், அதாவது ஒரு நியூட்ரான் விண்மீன், நடுவே இருந்தது. 1969 ஜனவரியில் அரிசோனாவில் அது கண்ணுறு ஒளியிலும் அதே கதியில் துடிப்பதை அளந்தார்கள். அது எந்த விண்மீன் என்று பார்த்தால், நடுவில் இருக்கும் இரண்டில் தெற்கே உள்ளதுதான் வெடித்த விண்மீனின் எச்சமாக இருக்க வேண்டும் என்று பாடெ 1942-இலேயே சுட்டிக்காட்டியிருந்த அதே புள்ளி. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு தகட்டிலும் அது பதிந்துகொண்டே இருந்திருக்கிறது. நீண்ட நேரம் திறந்திருக்கும் தகட்டுக்கு நொடிக்கு 30 துடிப்பு என்பது தொடர்ந்த ஒளிதான். ஒளியைச் சேர்த்து வைப்பதால்தான் தகடு நெபுலாவைக் கண்டது. சேர்த்து வைத்ததால்தான் துடிப்பைத் தவறவிட்டது.

அந்தத் துடிவிண்மீனின் சுழற்சி நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 36 நானோநொடி நீள்கிறது. கேட்கச் சிறியதாக இருக்கும். ஆனால் அவ்வளவு கனமான பொருள் அந்த அளவு மெதுவாவதில் வெளியேறும் ஆற்றல் சூரியனின் ஒளிர்வைப் போல ஒரு லட்சம் மடங்குக்கு மேல். இழைகளைத் தள்ளுவதும், எலக்ட்ரான்களை விரட்டி நீல ஒளியை எரியவைப்பதும் அதுவே. படத்தின் நடுவே நாம் காணும் நீலம் ஒரு சுழலும் நியூட்ரான் விண்மீனின் செலவுக்கணக்கு.

இப்படி ஒரு எச்சம் இருக்க முடியும் என்ற எண்ணத்துக்கு வழிவிட்டவர்களுள் ஒருவர் சுப்ரமணியன் சந்திரசேகர். லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த தமிழ்க் குடும்பத்து இளைஞர். 1930-இல், 19 வயதில், மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கிலிருந்து, ஒரு வெண்குறு விண்மீன் சூரியனைப் போல 1.4 மடங்கு நிறைக்கு மேல் நிலைக்க முடியாது என்ற முடிவு உருவானது. அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி அதோடு சேர்ந்து வந்தது. 1934-இல் பாடெயும் ஃபிரிட்ஸ் ஸ்விக்கியும் சூப்பர்நோவா என்ற பெரும் விண்மீன் வெடிப்பில் நியூட்ரான் விண்மீன் பிறக்கலாம் என்று எழுதினார்கள். சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம் 1999-இல் ஏவப்பட்டதும் எடுத்த தொடக்கப் படங்களில் ஒன்று நண்டு நெபுலாவினுடையது. துடிவிண்மீனைச் சுற்றி ஒளிவளையங்களும், அச்சுத் திசையில் பீறிடும் தாரைகளும் அதில் தெளிவாகத் தெரிந்தன. இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோள் அதே துடிவிண்மீனின் எக்ஸ் கதிர்களின் தளவிளைவை அளந்த முடிவு 2017-இல் வெளியானது. பாடெ போலராய்டு தாளைத் திருப்பிக் கேட்ட கேள்வியின் தொடர்ச்சி அது.

இவ்வளவு படங்களுக்குப் பிறகும் வெடித்தது எப்படிப்பட்ட விண்மீன் என்பது முடிவாகவில்லை. நண்டின் வெடிப்பாற்றல் வழக்கமான சூப்பர்நோவாவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தெரிகிறது. ஆகவே இரும்புக் கரு சரிந்து வெடிக்கும் வழக்கமான முறையில் அல்லாமல், ஆக்சிஜன், நியான், மக்னீசியம் நிறைந்த கரு எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொண்டு சரிந்திருக்கலாம் என்று 1980-களிலிருந்து ஒரு கருத்து உண்டு. இரண்டையும் பிரித்தறிய உதவுவது இழைகளில் இரும்புக்கு எவ்வளவு நிக்கல் என்ற விகிதம். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023 அக்டோபரில் தந்த அகச்சிவப்புப் படத்தில் சின்குரோட்ரான் ஒளி பால்நிறப் புகையாகப் பரவிக் கிடக்க, தூசி எங்கெங்கே திரண்டிருக்கிறது என்பது முதன்முறையாக அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. அதோடு எடுத்த நிறமாலையில், நிக்கலின் விகிதம் முன்பு மதிப்பிட்டதைவிடக் குறைவு என்று 2024-இல் அறிவித்தார்கள். சூரியனில் உள்ள விகிதத்தைவிட அது இன்னும் அதிகம்தான். ஆனால் இரண்டு விளக்கங்களில் எதையும் தள்ளிவிட அது போதாது. வெப் அந்த நிறமாலையை எடுத்தது நெபுலாவின் உட்புறத்தில் இரண்டு சிறிய இடங்களில் மட்டுமே. மற்ற இழைகளிலும் இரும்பையும் நிக்கலையும் அளந்தாக வேண்டும்.